பைக்குக்கு பிரேக் பேடு வாங்கும் முன்

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் “இருக்கிறதிலேயே நல்ல பேடு கொடுங்க” என்று கேட்காதீர்கள். விலை கூடினது கைக்கு வரும். உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்பது வேறு விஷயம். முன்பக்கம் டிஸ்க் உள்ள, தினமும் வேலைக்குப் போய்வரும் 150 சிசி வண்டியை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் பகுதிதான் தேய்வது. அது 2 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டாலோ, நடுவிலுள்ள பள்ளக்கோடு அழிந்துவிட்டாலோ மாற்றிவிடுங்கள். இரும்பும் இரும்பும் உரசும் ‘கர்ர்’ சத்தம் கேட்டால் அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள். டிஸ்க்கும் தேய்ந்திருக்கலாம். குறைந்தபட்ச கனம் அதிலேயே பொறித்திருக்கும், அளந்து பாருங்கள்.

அப்புறம் வகை. ஆர்கானிக் பேடு மெதுவாகப் பிடிக்கும், சத்தம் போடாது, டிஸ்க்கை அதிகம் தின்னாது. ஆனால் சீக்கிரம் தேயும், மலை இறக்கத்தில் சூடேறினால் பிடி குறையும். சின்டர்டு என்பது உலோகப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்தது. மழையிலும் சூட்டிலும் நன்றாகப் பிடிக்கும், நாள்பட உழைக்கும். ஆனால் எல்லா டிஸ்க்கும் அதைத் தாங்காது. செமி மெட்டாலிக் இரண்டுக்கும் நடுவில். கம்பெனி எந்த வகை போட்டுக் கொடுத்ததோ அதிலேயே இருங்கள் என்பேன். ரேஸ் பேடு வேண்டவே வேண்டாம். அது சூடேறிய பிறகுதான் ஒழுங்காகப் பிடிக்கும். காலையில் தெருமுனையில் பால் வண்டி குறுக்கே வரும்போது உங்கள் பேடு பச்சைத் தண்ணீராக இருக்கும்.

சில பேடுகளில் ஜிஜி, ஹெச்ஹெச் என்று இரண்டு எழுத்து இருக்கும். முதல் எழுத்து குறைந்த சூட்டில் பிடிப்பு, இரண்டாவது எழுத்து அதிக சூட்டில். ஜி-யை விட ஹெச் கூடுதல். எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மாட்டும்போது, பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளினால் ஹேண்டில்பாரில் உள்ள டப்பாவில் பிரேக் ஆயில் மேலேறும். அது பெட்ரோல் டேங்க் மேல் வழிந்தால் பெயின்ட் போச்சு. மாட்டி முடித்ததும், வண்டியை நகர்த்தும் முன், பிரேக் லீவர் கெட்டியாகும் வரை விட்டு விட்டு அமுக்குங்கள். நான் ஒருமுறை மறந்து கிளப்பினேன். லீவர் கைப்பிடி வரை போய்விட்டது, வண்டி எங்கள் வீட்டு கேட்டில்தான் நின்றது.

முதல் 200 கிலோமீட்டருக்கு அழுத்திப் பிடிக்காமல் பதமாக ஓட்டுங்கள். பழைய பேடை எறியாதீர்கள். ஒரே மாடலில் வருஷத்துக்கு வருஷம் வடிவம் மாறலாம். அடுத்த முறை கடைக்காரரிடம் காட்ட அதுதான் சாம்பிள்.