சிவபுராணம் படிக்கையில் வழுக்கும் இடங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் நம் பிள்ளைகள் பலர், மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் முதல் பாட்டான சிவபுராணத்தை ஆங்கில எழுத்தில் பார்த்துத்தான் பாடுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பாட்டு இன்றும் நம் வாயில் இருப்பதே பெரிய பேறு. ஆனால் அந்த 95 அடிகளில் ஈசன் அருளைத் தமக்குள்ளேயே உணரத் தவிப்பவர்கள் சில இடங்களில் தடம் மாறிவிடுகிறார்கள்.

முதலாவது, பாதியில் நிற்பது. ‘நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு’ என்றதும் குரல் தழுதழுக்கும். நான் இவ்வளவு கேடுகெட்டவன், எனக்கெங்கே கதி என்று மனம் அங்கேயே உட்கார்ந்துவிடும். துக்க வீட்டில் பாடும்போது இது இன்னும் அதிகம். அந்த அடியைத் தனியாகப் பிரிக்காதீர்கள். அதற்கு முந்தின அடி, ‘நிலந்தன்மேல் வந்தருளி நீள்கழல்கள் காட்டி’. அடுத்தது, ‘தாயிற் சிறந்த தயாவான தத்துவனே’. கிடந்தவர் எழுந்து தேடிப் போகவில்லை. கிடந்த இடத்துக்கே அவன் இறங்கி வந்தான். மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்திச் சொல்வதெல்லாம் அந்தத் தயவு எவ்வளவு பெரிது என்று காட்டத்தான். மூன்று அடிகளையும் ஒரே மூச்சில் பாடிப் பாருங்கள், நெஞ்சு இளகும்.

இன்னொன்று, கணக்குப் போடுவது. புரட்டாசி முழுக்கக் கறி மீன் தொடாத வீடுகள் இங்கே ஏராளம். இத்தனை நாள் விரதம், இத்தனை முறை பாராயணம், அதற்கு இவ்வளவு அருள் என்ற எண்ணம் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிடும். ‘அவன் அருளாலே அவன்தாள் வணங்கி’ என்கிறார் அவர். கும்பிடத் தோன்றியதே அவன் தந்தது என்றால், எதைக் கொடுத்து எதை வாங்குவது? விரதத்தை நிறுத்த வேண்டாம், அதை நன்றியாக எண்ணி இருங்கள்.

‘இமைப்பொழுதும் என்நெஞ்சில் நீங்காதான்’ என்று படித்துவிட்டு, பிறகு கோயில் எதற்கு, காவடி எதற்கு என்று கேட்கும் இளைஞர்களும் உண்டு. கேள்வி நல்லதுதான், முடிவுதான் அவசரம். மாணிக்கவாசகரை ஈசன் ஆட்கொண்ட திருப்பெருந்துறையில், இன்றைய ஆவுடையார்கோயிலில், கருவறையில் லிங்கமே கிடையாது, அதன் பீடமான ஆவுடை மட்டும்தான். அங்கும் பூசை நடக்கிறது. உருவமில்லாதவனை உள்ளே உணர்ந்தவர்கள் வெளியே விளக்கேற்றுவதை நிறுத்தவில்லை.

உள்ளே இருக்கிறான், ஆகவே நானே சிவம் என்று தாவுவதும் தவறு. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் வேறு வேறு என்பது சைவ சித்தாந்தம். அருள் நிறைந்திருந்தாலும் உயிர் உயிர்தான்.

சொல்லுக்குச் சொல் ரகசியம் தேடுவதையும் விட்டுவிடலாம். ‘ஒன்பது வாயிற் குடில்’ என்றால் இந்த உடம்பு, அவ்வளவே.

வீட்டில் பாடும் முன் அன்றைக்கு நாலு அடிக்காவது பொருள் சொல்லுங்கள். பிள்ளைக்குத் தமிழ் வராவிட்டால் ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள். ‘சொல்லிய பாட்டின் பொருள் உணர்ந்து சொல்லுவார்’ என்றுதான் மாணிக்கவாசகரே முடிவில் பாடியிருக்கிறார்.