தீர்ப்பு சொல்ல என்ன அவசரம்? சினிமா விமர்சனத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"படம் எப்படி?" என்று கேட்டால் செம, மொக்கை, ஒரு தடவை பார்க்கலாம் என்று மூன்று பதில்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. நண்பருக்குச் சொல்ல இது தாராளமாகப் போதும். எழுத உட்காரும்போதுதான் சிக்கல். திரையில் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன்பே அது நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடும் அவசரம் நம் எல்லோருக்கும் உண்டு. பழைய படமோ நேற்று வந்த படமோ, விமர்சனங்களில் கண்ணில் படும் தவறுகளில் முக்கால்வாசி இந்த அவசரத்திலிருந்து பிறந்தவைதான்.

இதில் அதிகம் பார்ப்பது, கதையைச் சொல்லி முடித்துவிட்டு விமர்சனம் எழுதிவிட்டதாக நினைத்துக்கொள்வது. பத்துப் பத்தியில் எட்டுப் பத்தி கதைதான் இருக்கும். எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வந்த 'அந்த நாள்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகிறான், கொன்றது யார் என்று விசாரிக்கிறார்கள். கதைச் சுருக்கம் அவ்வளவுதான், இதை நூறு படங்களுக்கு எழுதலாம். ஆனால் இந்தப் படத்தில் செத்துப்போவது சிவாஜி கணேசன், அதுவும் படம் தொடங்கிய உடனே. அதன்பிறகு அவனைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசப் பேச, அவன் வேறு வேறு ஆளாகத் தெரிகிறான். படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை. கதை எந்த வரிசையில், யார் வாயால், எதை மறைத்து நமக்கு வருகிறது என்பதில்தான் படமே இருக்கிறது. விமர்சகர் அதைத் தொடாமல் விட்டால், படம் பார்க்காமல் யாரோ சொல்லக் கேட்டு எழுதியதற்கும் அவர் எழுதியதற்கும் வித்தியாசம் இருக்காது.

இதிலிருந்து விடுபட எளிய பயிற்சி ஒன்று உண்டு. பிடித்த படத்திலிருந்து இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை எடுத்து, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கேமரா எங்கே நிற்கிறது, எந்த முகம் அதிக நேரம் திரையில் இருக்கிறது, எந்த இடத்தில் ஷாட் மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் படத்தை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். பெரிய சினிமா படிப்பு எதுவும் இல்லாமலேயே எழுதுவதற்குப் பத்து விஷயம் கிடைத்துவிடும்.

எங்கும் ஒட்டும் வரிகள்

"ஒளிப்பதிவு அருமை. பின்னணி இசை பலம். எடிட்டிங்கில் இன்னும் கவனம் செலுத்தியிருக்கலாம்." இந்த மூன்று வரிகளும் இதுவரை வந்த படம், இனி வரப்போகும் படம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். நீங்கள் எழுதிய வரியை எடுத்து வேறொரு படத்தின் விமர்சனத்தில் ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் உறுத்தாமல் உட்கார்ந்துகொண்டால் அந்த வரி தேவையில்லை.

ஒளிப்பதிவு என்றதும் பச்சை மலையையும் சூரிய அஸ்தமனத்தையும் பாராட்டுவது இன்னொரு பழக்கம். அந்த அழகு மலையுடையது, ஒளிப்பதிவாளருக்கு அதில் பங்கு கொஞ்சம்தான். 1987இல் வந்த 'நாயகன்' படத்தில் பி.சி. ஸ்ரீராமின் வேலையைக் கவனித்தால், அவர் வெளிச்சத்தைவிட இருட்டை எங்கே விட்டுவைக்கிறார் என்பதுதான் முக்கியமாகப்படும். அதே படத்தைப் பற்றி "தாராவியை அப்படியே காட்டியிருக்கிறார்கள்" என்று எழுதுபவர்கள் உண்டு. அந்தத் தாராவியில் பெரும்பகுதி சென்னையில் போட்ட செட். பாராட்டு சேர வேண்டிய இடம் கலை இயக்குநர் தோட்டா தரணி. ஸ்ரீராம், தரணி இருவருக்குமே அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. நல்லது எல்லாவற்றையும் இயக்குநர் கணக்கிலோ நாயகன் கணக்கிலோ எழுதிவிடுவது சோம்பேறித்தனம். படத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ ஓடும் பெயர்ப் பட்டியலைப் படித்தாலே பாதித் தவறு குறையும்.

நடிப்பைப் பற்றிச் சொல்வதில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம் என்பது என் கருத்து. சோவியத் இயக்குநர் குலெஷோவின் சோதனை சினிமா மாணவர்களுக்கெல்லாம் தெரிந்தது. ஒரு நடிகரின் சலனமில்லாத முகம். அதன் பக்கத்தில் ஒரு முறை சூப் கிண்ணம், ஒரு முறை சவப்பெட்டியில் குழந்தை, ஒரு முறை ஒரு பெண் என்று வெவ்வேறு ஷாட்களை வைத்தார்கள். முகம் மாறவே இல்லை. பார்த்தவர்களோ பசி, துயரம், ஆசை என்று ஒவ்வொரு முறையும் வேறு உணர்ச்சியை அதில் பார்த்தார்கள். ஆகவே "கண்ணாலேயே நடித்துவிட்டார்" என்று எழுதுவதற்கு முன் அந்த முகத்துக்கு முன்னாலும் பின்னாலும் என்ன வந்தது என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. உண்மையாகவே நடிகரின் சாமர்த்தியமாகவும் இருக்கலாம், தொகுப்பாளரின் கத்தரியாகவும் இருக்கலாம்.

பழைய படங்களும் இன்றைய கண்ணும்

பழைய படம் என்றாலே "ஓவர் ஆக்டிங்", "நாடகம் மாதிரி இருக்கிறது" என்று ஒதுக்கிவிடுகிறோம். நாடகம் மாதிரி இருந்ததற்குக் காரணம் இருந்தது. தொடக்ககாலப் பேசும் படங்களில் நடிகர்கள் பலர் நாடகக் கம்பெனிகளிலிருந்து நேராக வந்தவர்கள். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அவர்களுடையது. ஒலியைப் படப்பிடிப்புத் தளத்திலேயே பதிவு செய்ய வேண்டும், பாட்டையும் நடிகரே அங்கேயே பாட வேண்டும். மைக் இருக்கும் இடத்தை விட்டு அவர் நகர்ந்தால் குரல் போய்விடும். பின்னணி பாடும் முறை பரவிய பிறகுதான் பாட்டுக் காட்சியில் நடிகரும் கேமராவும் கொஞ்சம் சுதந்திரமாக அசைய முடிந்தது. மௌனப் படங்களில் மனிதர்கள் ஓட்டமும் நடையுமாகப் போவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். கையால் சுற்றும் கேமராவில், நொடிக்கு 24 பிரேமுக்கும் குறைவாக எடுத்ததை 24இல் ஓட்டினால் அப்படித்தான் தெரியும். படம் எடுத்தவர் செய்த தவறு அதில் எதுவும் இல்லை.

சரி, அதற்காக எல்லாவற்றையும் "அந்தக் காலம் அப்படி" என்று மன்னித்துவிடலாமா? கூடாது. இதுவும் அதே அளவு பெரிய தவறுதான். பழைய படத்தை இன்றைய படத்தோடு ஒப்பிடுவதைவிட, அதே காலத்தில் வந்த இன்னொரு படத்தோடு ஒப்பிடுங்கள். பாட்டு இல்லாமல் படம் ஓடாது என்று எல்லோரும் நம்பிய நாளில் 'அந்த நாள்' வந்தது. அடுத்த ஆண்டே, 1955இல், சத்யஜித் ராயின் முதல் படம் 'பதேர் பாஞ்சாலி' வந்தது. அதில் அதுவரை கேமரா முன் நின்றே இராதவர்களும் நடித்திருந்தார்கள். அப்படியானால் அந்தக் காலத்திலும் வேறு வழி தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஒரு படம் பெண்ணை அறைந்து திருத்துவதை நகைச்சுவையாகக் காட்டினால், உருவத்தையும் நிறத்தையும் கேலி செய்தால், அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடத்தான் வேண்டும். அந்தப் படத்தின் இசையையும் ரசித்துவிட்டு இதையும் எழுதலாம். இரண்டும் ஒரே கட்டுரையில் இருப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

"அந்தக் காலத்துப் படம் மாதிரி வருமா" என்ற புலம்பலுக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. அந்தக் காலத்து மோசமான படங்களை இன்று யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான் விஷயம். பார்க்க நினைத்தாலும் முடியாதவை நிறைய. முதல் தமிழ்ப் பேசும் படமான 1931ஆம் ஆண்டு 'காளிதாஸ்' படத்தின் பிரதியே நம்மிடம் இல்லை. பழைய சினிமா என்று நாம் பேசுவது எஞ்சி நிற்கும் சினிமாவைத்தான்.

எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள்?

விமர்சனம் எழுதுபவர்கள் இதை யோசிப்பதே அபூர்வம். ஃப்ரிட்ஸ் லாங் இயக்கிய 'மெட்ரோபோலிஸ்' 1927இல் வெளியானது. வெளியான சில மாதங்களிலேயே அதைப் பெரிய அளவில் வெட்டிவிட்டார்கள். பல பத்தாண்டுகளுக்கு உலகம் பார்த்தது அந்த வெட்டுப்பட்ட படத்தைத்தான். 2008இல் பியூனஸ் அயர்ஸில் ஏறக்குறைய முழுமையான பிரதி ஒன்று கிடைத்து, 2010இல் சீரமைத்த படம் வந்தபோது, சில துணைக் கதாபாத்திரங்கள் எதற்கு இருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் தெளிவானது. அதற்கு முன் "கதை குழப்புகிறது" என்று எழுதியவர்கள் உண்மையில் குறை சொன்னது வெட்டியவர்களை.

நம் வீட்டுத் திரையிலும் இது நடக்கிறது. அகலத் திரைக்கென எடுத்த சினிமாஸ்கோப் படத்தின் இரு ஓரங்களையும் நறுக்கி டிவிக்கு ஏற்றபடி ஆக்கிய பிரதியைப் பார்த்துவிட்டு, "ஃப்ரேமிங் நெருக்கியடிக்கிறது" என்று எழுதினால் எப்படி? டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று உண்டு, பெரும்பாலும் நாம் கேட்காமலேயே போட்டிருக்கும். அது எந்தப் படத்தையும் சீரியல் மாதிரி ஆக்கிவிடும், முதலில் அதை அணைத்துவிடுங்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வேகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

வேகம் என்றதும் நினைவுக்கு வருகிறது. "மெதுவாகப் போகிறது" என்பது ஒரு தகவல், அதைக் குறையாக்க இன்னும் ஒரு வரி வேண்டும். ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' 1953இல் வந்தது. அதில் கேமரா தரைக்குப் பக்கத்தில் தாழ்வாக உட்கார்ந்திருக்கும், நகர்வதே அபூர்வம். வயதான பெற்றோருக்கு நேரம் கொடுக்க முடியாத பிள்ளைகளைப் பற்றிய படம் அது. நேரம் நகராமல் நிற்பதைப் பார்ப்பவரும் உணர வேண்டும் அல்லவா? ஒரு துரத்தல் காட்சி அதே வேகத்தில் ஊர்ந்தால் அப்போது குறை சொல்லுங்கள். லாஜிக்குக்கும் இதே கணக்குத்தான். வெளியுலக நியாயத்தைப் படம் மீறினால் பரவாயில்லை, தானே போட்ட விதியைத் தானே மீறினால் பிடித்துக்கொள்ளலாம்.

கதாபாத்திரம் சொல்வதெல்லாம் படத்தின் கருத்து என்று எடுத்துக்கொள்வதும், நாவலில் இருந்தது படத்தில் இல்லையே என்று கணக்குப் பார்ப்பதும் பழைய நோய்கள். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளம்பிய மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' அந்தக் கதையிலிருந்து வெகுதூரம் போய்விடுகிறது. போனதால்தான் அது 1979இலிருந்து இன்றுவரை தனித்து நிற்கிறது.

வசூல், பட்டியல், முதல் நாள்

வசூல் தயாரிப்பாளரின் கவலை. 2003இல் வந்த 'அன்பே சிவம்' திரையரங்கில் சரியாகப் போகவில்லை. இன்று அதைக் கொண்டாடாதவர்கள் குறைவு. இதைக் காட்டி, ஓடாத படமெல்லாம் காலத்தை மிஞ்சிய படைப்பு என்று கிளம்பிவிடக் கூடாது. ஓடாத படங்களில் பெரும்பாலானவை ஓடாததற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

"உலகின் சிறந்த படங்கள்" பட்டியலைக் காட்டி வாயை அடைப்பதும் சரியில்லை. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் பத்து ஆண்டுக்கு ஒரு முறை விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறது. 1952இல் முதலிடம் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்' அசையவில்லை. 2012இல் 'வெர்டிகோ' அதை இறக்கியது. 2022இல் ஷாந்தால் அகெர்மானின் 'ஜான் டீல்மன்' முதலிடத்துக்கு வந்தது. வெளியான பிறகு இந்தப் படங்களில் எதிலும் ஒரு ஷாட்கூடக் கூடவில்லை, ஓட்டுப் போடுகிறவர்கள்தான் மாறினார்கள்.

புதுப்படத்துக்கு இந்த அவகாசம் கிடைப்பதில்லை. முதல் காட்சி முடிவதற்குள் மதிப்பெண் வந்துவிடுகிறது, அதைப் படித்துவிட்டு உள்ளே போனவர் அதையேதான் பார்த்துவிட்டு வருகிறார். ஆகவே எழுதப்போகிறீர்கள் என்றால் உங்கள் குறிப்பை எழுதி முடிக்கும்வரை பிறர் விமர்சனத்தைத் திறக்காதீர்கள். நட்சத்திரம் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் கடைசியில் கொடுங்கள், முதலில் கொடுத்தால் மொத்தக் கட்டுரையும் அந்த எண்ணுக்கு வக்காலத்து வாங்கும். முடிந்தால் இரண்டாம் முறை பாருங்கள். முடியாவிட்டால் ஒரு இரவு போகட்டும். காலையில் எழுந்து, நினைவில் நிற்கும் காட்சிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, அங்கிருந்து கட்டுரையைத் தொடங்குங்கள். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லையென்றால் அதையே முதல் வரியாக எழுதலாம்.