ஆட்டிதயத்தில் சோணையறையை இனங்காணும் முறை

இதயத்தின் மேலறையான சோணையறை எது, கீழறையான இதயவறை எது என்று பரீட்சை மண்டபத்தில் தடுமாறும் மாணவருக்கு ஓர் ஆட்டிதயத்தைக் கையில் கொடுப்பதே நல்ல மருந்து. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இறைச்சிக் கடையில் முதல்நாளே சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் மேற்பகுதியை நறுக்கிவிட்டே தருவார்கள், நாம் தேடும் சோணையறைகளும் அதனோடு போய்விடும். வன்னி வெயிலுக்கு இறைச்சி தாங்காது என்பதால் காலையில் வாங்கி அன்றைக்கே வெட்ட வேண்டும்.

முதலில் இதயத்தைக் கழுவி, கொழுப்புப் படிந்த மேற்புறத்தைப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக, ஓரம் சுருங்கிய இரண்டு மடல்கள் தொங்கும். இவற்றின் தோற்றத்தைக் கண்டே இலத்தீனில் 'சிறு காது' என்னும் பொருளில் ஔரிக்குலா என்றார்கள். காதுச் சோணை என்று நாம் பேசும் சோணையே நமது பாடநூற் சொல்லிலும் இருக்கிறது. இன்றைய உடற்கூற்றியலில் ஔரிக்கிள் என்பது அந்த மடலை மட்டுமே குறிக்கும், முழு அறையின் பெயர் ஏட்ரியம். உரோமானியர் வீட்டில் வாயிலைக் கடந்ததும் வரும், நடுவே கூரை திறந்த கூடத்துக்கு அப்பெயர். நமது நாற்சார் வீட்டு முற்றத்தை எண்ணிக்கொள்ளலாம். உடலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் திரும்பும் குருதி முதலில் வந்து சேருவது இவ்வறைகளிலேயே.

அடுத்து, கீழ்ப்பகுதியை இருபுறமும் விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருப்பது ஆட்டின் இடப்பக்கம். இதயத்தின் முன்புறம் உங்களை நோக்கியிருந்தால் அது உங்கள் வலக்கைப் பக்கம் அமையும். இடது சோணையறையை மட்டும் திறந்து, உள்ளே நீரூற்றி, கீழறையை மெல்லப் பிசைந்தால், இருகூர் வால்வின் இதழ்கள் மேலெழுந்து வழியை அடைப்பதைக் காணலாம். பின்னர் நுனிவரை வெட்டுங்கள். வால்விதழ்களைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வெண்ணிற நாண்கள் நூல்போலத் தெரியும். கத்தி முனையால் ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் அதன் உறுதி புரியும். வலப்பக்கத்தையும் வெட்டிச் சுவர்களை ஒப்பிடுங்கள்: உடல் முழுவதற்கும் குருதியைத் தள்ளும் இடப்பக்கச் சுவர், நுரையீரலுக்கு மட்டும் அனுப்பும் வலப்பக்கச் சுவரைவிடப் பலமடங்கு தடித்தது.

இக்கீழறையின் இலத்தீன் பெயர் வென்றிக்குலஸ், அதாவது 'சிறு வயிறு'. மூளையின் உட்குழிகளுக்கும் அதே பெயர்தான். நான்கும் இதயத்தின் அறைகளாயிருக்க, இரண்டை மட்டும் இதயவறை என்பது எனக்கு அவ்வளவு பொருத்தமாகப் படவில்லை. ஆயினும், தமிழ்நாட்டு நூல்களில் ஆரிக்கிள், வெண்ட்ரிக்கிள் என்று படித்தவர்களும் விடைத்தாளில் சோணையறை, இதயவறை என்றே எழுதுவது நல்லது.