பழைய அமெரிக்க பிக்கப் டிரக்: எது எந்த வேரியண்ட், எப்படி கண்டுபிடிச்சு பேர் சொல்றது

1967ல இருந்து 1972 வரைக்கும் வந்த செவர்லே பிக்கப்னாலே எல்லாத்துக்கும் சி10னு ஒரே பேர வச்சு கூப்பிடறாங்க, வித்துடவும் செய்றாங்க. போட்டோல முன் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவுல சக்கரத்துக்கு சக்திய பிரிச்சு அனுப்பற கியர் பெட்டி) உருண்டையா தொங்குதுன்னா அது சி10 கிடையாதுங்க, கே10. 1960ல இருந்து செவர்லேல சி-ன்னா டூ வீல் டிரைவ், கே-ன்னா ஃபோர் வீல் டிரைவ். பின்னாடி வர்ற நம்பர் எவ்ளோ சுமை தாங்கற ரகம்னு சொல்லுது, 10 அரை டன், 20 முக்கா டன், 30 ஒரு டன். செவர்லேவோட கூடப்பிறந்த கம்பெனியான ஜிஎம்சி கிட்டத்தட்ட அதே வண்டிய 1967ல இருந்து 1500, 2500, 3500னு வித்தாங்க, அந்த ஆறு வருஷத்துல முன்னாடி நாலு ஹெட்லைட் இருந்தா ஜிஎம்சி, ரெண்டு இருந்தா செவர்லே, அவ்ளோதான்.

பேர் சொல்லும்போது வருஷம், கம்பெனி, சீரிஸ், பெட் (பின்னாடி சாமான் ஏத்தற தொட்டி), டிரிம் (சாதாவா சொகுசாங்கற லெவல்)னு இந்த வரிசைல சொல்லுங்க. "1972 செவர்லே கே10 லாங் பெட் ஃப்ளீட்சைட் செயென்"னு சொன்னா கேக்கறவருக்கு வண்டி கண்ணு முன்னாடி வந்துடும், மறுகேள்வி வராது.

முதல்ல வருஷம். கிரில்ல பாத்தா பாதி வேலை முடிஞ்சுது. 1969, 70ல நடுவுல அகலமா ஒரு பட்டை ஓடும், அதுல செவர்லேனு எழுத்து எழுத்தா இருக்கும், 1971, 72ல கட்டம் கட்டமா கறுப்பு கிரில், நடுவுல செவர்லேவோட பௌடை லோகோ. 67, 68க்கு பானெட் முன்பக்கம் சரிவா இருக்கும், 69ல இருந்து மூக்கு மழுங்கின மாதிரி நிமிர்ந்து நிக்கும். 67க்கும் 68க்கும் வித்தியாசம் சைடு மார்க்கர் லைட், ஃபெண்டர்லயும் பெட் ஓரத்துலயும் அது இல்லன்னா 67. 71க்கும் 72க்கும் உள்ள போய் பாக்கணும், ரியர் வியூ மிரர் கேபின் மேல ஸ்க்ரூ போட்டு இருந்தா 71, கண்ணாடியிலயே ஒட்டி இருந்தா 72.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. கிரில், பானெட், ஃபெண்டர், பேட்ஜ் எல்லாமே போல்ட்ட கழட்டி மாத்தற சாமான், அம்பது வருஷத்துல எத்தனை கை மாறிச்சோ யாருக்குத் தெரியும், அதனால எனக்கு பேட்ஜ் மேல நம்பிக்கையே கிடையாது, குறிப்பா செயென் பேட்ஜ். விலை ஏறும்னு சாதா வண்டில செயென் பேட்ஜ அடிச்சு விடறது ரொம்ப சகஜம், அந்த டிரிம் வந்ததே 1971லதான், 1969 செயென்னு யாராவது சொன்னா அங்கயே நிறுத்திடுங்க.

வீல் நட்டு எண்ணுங்க, இது யாரும் சொல்லித்தராத நல்ல வழி. அஞ்சு நட்டுன்னா 71, 72 சி10, 71லதான் முன்னாடி டிஸ்க் பிரேக் வந்தது, அதோட நட்டும் ஆறுல இருந்து அஞ்சாச்சு. ஆறு நட்டுன்னா 67ல இருந்து 70 வரைக்குமான சி10, இல்லன்னா எந்த வருஷ கே10னாலும் இருக்கலாம். எட்டு நட்டு இருந்தா முக்கா டன்னோ அதுக்கு மேலயோ, பக்கத்துல 10னு பேட்ஜ் இருந்தாலும் நம்பாதீங்க. இதையும் மாத்தலாம்தான், ஆனா ஆக்சில் வரைக்கும் கை வைக்கணும், பேட்ஜ் மாதிரி அஞ்சு நிமிஷ வேலை இல்ல.

கடைசி தீர்ப்பு வின் பிளேட்தான் (வண்டியோட அடையாள நம்பர் இருக்கற தகடு), டிரைவர் கதவு தூண்ல ரிவெட் அடிச்சு இருக்கும். சி-இ-1-4-0-இசட்னு ஆரம்பிக்குதுன்னு வைங்க. சி டூ வீல் டிரைவ், இ வி8 இன்ஜின் (எஸ் இருந்தா ஆறு சிலிண்டர்), 1 அரை டன், 4 ஃபேக்டரிலயே பெட் போட்டு வந்த பிக்கப், 0 வந்து 1970, இசட் கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட் ஃபேக்டரி. 1972ல மட்டும் முன்னாடி ஒரு எழுத்து கூடும், செவர்லேக்கு சி, ஜிஎம்சிக்கு டி. டிரிம் இதுல வராது, அதுக்கு கிளவ் பாக்ஸ் கதவோட உள்பக்கம் ஒட்டின ஆப்ஷன் பேப்பர பாருங்க. அது கிழியாம இருக்கற வண்டி கிடைச்சா விடாதீங்க.

பெட்டுக்கு வருவோம். சக்கரத்த உள்ள வச்சு பக்கவாட்டுல வழுவழுன்னு இருந்தா ஃப்ளீட்சைட், ஃபெண்டர் வெளிய பிதுங்கி முன்னாடி படி வச்சிருந்தா ஸ்டெப்சைட். அதே ரெண்டும் ஜிஎம்சில வைட்சைட், ஃபெண்டர்சைட், ஃபோர்டுல ஸ்டைல்சைட், ஃப்ளேர்சைட், டாட்ஜ்ல ஸ்வெப்ட்லைன், யூட்டிலைன். ஒரு கம்பெனி பேர இன்னொன்னுக்கு போடாதீங்க, ஃபோர்டு ஸ்டெப்சைட்னு எழுதினா தெரிஞ்சவங்க மத்ததையும் நம்ப மாட்டாங்க. நீளம் ஆறரை அடின்னா ஷார்ட், எட்டு அடின்னா லாங். எட்டரை அடில லாங்ஹார்ன்னு ஒன்னு 1968ல வந்தது, கேபினுக்குப் பக்கத்துல பெட்ல ஒட்டு போட்ட மாதிரி செங்குத்தா ஒரு கோடு தெரியும், பலர் அத ரிப்பேர்னு நினைச்சு விட்டுடறாங்க.

ஃபோர்டுக்கு கைய வச்சே சொல்லலாம். பக்கவாட்டுல நீளமா ஓடற கோடு வெளிய புடைச்சிருந்தா பம்ப்சைட், 1967ல இருந்து 72. உள்ள குழிஞ்சிருந்தா டென்ட்சைட், 73ல இருந்து 79. எஃப்-150 வந்தது 1975லதான், எஃப்-100க்கும் எஃப்-250க்கும் நடுவுல, மொத்த எடை ரேட்டிங் 6000 பவுண்டுக்கு மேல போனா அன்னைக்கு கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (புகைய சுத்தம் பண்ற சாமான்) வேண்டாம்ங்கறதுக்காக. ஆக 1973 எஃப்-150ன்னு ஒன்னு கிடையவே கிடையாது.

ஹைபாய்ங்கற பேர்தான் அதிகமா தப்பா ஓடுது. அது 1967ல இருந்து 77 நடுவு வரைக்கும் வந்த எஃப்-250 ஃபோர் வீல் டிரைவ் மட்டும், ஃபேக்டரிலயே உசரமா நிக்கறது, கம்பெனி வச்ச பேர் இல்ல, ஆளுங்க வச்சது. லிஃப்ட் கிட் போட்ட எஃப்-100 எவ்ளோ உசரம் இருந்தாலும் ஹைபாய் ஆகாது. வாரண்டி நம்பர் (ஃபோர்டுல வண்டியோட அடையாள நம்பர்) எஃப்26ன்னு ஆரம்பிக்குதான்னு பாருங்க, அப்புறம் கீழ குனிஞ்சு பாருங்க, டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்கு சக்திய பிரிக்கற பெட்டி) கியர் பாக்ஸோட ஒட்டாம தனியா, நடுவுல ஒரு குட்டி ஷாஃப்ட்டோட தொங்கணும். ரெண்டும் இருந்தா மட்டும் ஹைபாய் விலை பேசுங்க.