சோளகத்தை அளக்க ஒரு சூடான தடையி

வைகாசி பிறந்தால் வன்னியில் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, எழும்பிவிடும். சிறுபோக நெல்லுக்கு மருந்து அடிக்க வேண்டி வருவதும் அந்த நாட்களில்தான். கிளிநொச்சியில் மாமா வரம்பில் நின்று ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்த்துவிட்டு, "இப்ப வேண்டாம் தம்பி, நாளைக்கு விடியப் பாப்பம்" என்பார். அவருடைய கணிப்புப் பிழைப்பது குறைவு. ஆனாலும் அந்தக் காற்றின் வேகத்தை ஓர் எண்ணாகப் பார்க்க எனக்கு ஆசை. அதற்காகச் செய்த கருவி இது. சோல்டர் பிடிக்கத் தெரிந்த எவரும் ஒரு நாளில் செய்யலாம்.

சுடுதேநீரை ஊதினால் ஆறுகிறது அல்லவா, அதே சங்கதிதான். ஒரு தடையியை (மின்னோட்டத்தைத் தடுக்கும் சின்னப் பாகம்) சூடாக்கி வெளியில் வைத்தால், காற்று எவ்வளவு வேகமாக அடிக்கிறதோ அவ்வளவுக்கு அதன் சூடு இறங்கும். இப்படி இழக்கும் வெப்பம் காற்றின் வேகத்தின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது என்பதை 1914இல் எல். வி. கிங் கணக்காக எழுதிவைத்தார். சுழலும் கிண்ணங்களாலும் காற்றை அளக்கலாம். ஆனால் அதற்கு நல்ல பெயாரிங் வேண்டும், எங்கள் செம்புழுதியில் அது நெடுநாள் தாங்காது.

தேவையானவை: ஓர் ஆர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி ஓடவிடும் சின்னக் கணினிப் பலகை), 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் (சூட்டுக்கேற்பத் தடை மாறும் பாகம்) இரண்டு, 10 கிலோ ஓம் தடையி இரண்டு, சூடாக்குவதற்குக் கால் வாட், 150 ஓம் தடையி ஒன்று. கடைசியாகச் சொன்னதில் மண்ணிறம், பச்சை, மண்ணிறம் என்று கோடுகள் இருக்கும். 5 வோல்ட்டில் அது ஏறத்தாழ 33 மில்லி அம்பியர் எடுக்கும், 0.17 வாட் வெப்பம் தரும். 100 ஓம் போட்டால் கால் வாட் எல்லையைத் தொட்டுவிடும், வேண்டாம்.

முதலில் சூட்டு முனை. ஒரு தெர்மிஸ்டரின் தலையை 150 ஓம் தடையியின் உடம்போடு ஒட்டவைத்து, ஒரு சொட்டு எபொக்சிப் பசை விட்டு இறுகவிடுங்கள். இரண்டின் கால்களும் ஒன்றையொன்று தொடாதபடி மெல்லிய உறை போடுங்கள். இதில் அவசரப்பட வேண்டாம். நடுவில் இடைவெளி இருந்தால் தடையியின் சூடு தெர்மிஸ்டருக்குச் சரியாக வந்து சேராது.

அப்புறம் இணைப்பு. ஒவ்வொரு தெர்மிஸ்டரிலும் ஒரு காலைப் பலகையின் தரைப் பின்னுக்கும் (GND), மறு காலை 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கும் கொடுங்கள். இரண்டும் சந்திக்கும் புள்ளியிலிருந்து அனலொக் உள்ளீட்டுக்கு வயர் இழுக்க வேண்டும். சூட்டு முனை பூச்சிய உள்ளீட்டுக்கு, சூடாக்காத மற்றது, அதாவது காற்றின் வெப்பநிலையைக் காட்டும் குளிர் முனை, ஒன்றாம் உள்ளீட்டுக்கு. 150 ஓம் தடையியை 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் இடையில் நேரே போடுங்கள், எண்ணிட்ட பின்களில் கொடுக்கக் கூடாது.

நிரலில் ஒவ்வொரு உள்ளீட்டையும் 50 தடவை வாசித்துச் சராசரி எடுங்கள். அந்த எண்ணிலிருந்து:

தடை = 10000 × வாசிப்பு ÷ (1023 − வாசிப்பு)

25 பாகையில் வாசிப்பு 512க்குக் கிட்ட வர வேண்டும். தடையை வெப்பநிலையாக மாற்றத் தெர்மிஸ்டரின் பீற்றா எண் தேவை, சூட்டோடு அதன் தடை எவ்வளவு மாறும் என்பதைச் சொல்வது அதுதான். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் 3950.

சூட்டைப் போடாமல் ஒரு தடவை ஓடவிட்டால் இரண்டு தெர்மிஸ்டரும் ஒரே வெப்பநிலையைக் காட்ட வேண்டும். ஒரு பாகை வித்தியாசம் இருந்தால் நிரலில் கழித்துவிடுங்கள்.

இனித்தான் முக்கியமான இடம். கதவு, யன்னல் பூட்டி, விசிறியை நிற்பாட்டிவிட்டு, சூட்டைப் போட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். இரண்டு வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம் ஓரிடத்தில் நிலைக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றில்லாத வித்தியாசம் இதுதான், கருவி முழுக்க இதில்தான் நிற்கிறது. நான் இதை மடிக்கணினியில் செருகி எடுத்துவிட்டு, வயலுக்குப் பவர்பேங்கோடு போகத் தயாரானேன். பூட்டிய அறைக்குள்ளேயே கருவி காற்று வீசுகிறது என்றது! காரணம் பிடிபட ஒரு முழு நாள் போனது. 5 வோல்ட் 4.7க்கு இறங்கினால் சூடு 12 வீதம் குறைந்துவிடும். கருவிக்கு அது காற்றடித்த மாதிரித்தான். வயலில் எந்த மின்சாரமோ, அதே மின்சாரத்தில் இந்த எண்ணை எடுங்கள். சில பவர்பேங்குகள் இவ்வளவு சின்ன மின்னோட்டத்துக்குத் தானாக அணைந்துவிடும், அதையும் பார்த்து வாங்குங்கள்.

வேகத்துக்கான கணக்கு:

வேகம் = க × (காற்றில்லாத வித்தியாசம் ÷ இப்போதைய வித்தியாசம் − 1)²

வித்தியாசம் சரிபாதியாகும்போது உள்ள வேகமே 'க'. அதைக் கண்டுபிடிக்க, இலை அசையாத விடியற்காலையில், சனமில்லாத வயல் வீதியில், மோட்டார் சைக்கிளின் பின்னால் இருப்பவர் கருவியை ஓட்டுபவரின் உடம்புக்கு வெளியே பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்கட்டும். கைபேசியின் ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 18 கிலோமீற்றர் காட்ட, அதே வேகத்தில் ஒரு நிமிடமாவது ஓடுங்கள். அது செக்கனுக்கு 5 மீற்றர். வித்தியாசம் 30இலிருந்து 12 ஆனது என்று வையுங்கள்: 30 ÷ 12 − 1 = 1.5, அதன் வர்க்கம் 2.25, ஆகவே க = 5 ÷ 2.25, அதாவது 2.2. போகவும் வரவும் எடுத்துச் சராசரி போடுங்கள்.

வயலில் வைக்கும்போது வெயில் படக் கூடாது. ஐஸ்கிறீம் பெட்டி மூடிகள் இரண்டை மேலும் கீழுமாகப் பிடித்து, நடுவில் முனைகளை வைத்தால் நிழலும் கிடைக்கும், எந்தத் திசைக் காற்றும் புகும். குளிர் முனை சூட்டு முனைக்குப் பக்கத்தில் 10 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கட்டும், மேலே வேண்டாம், சூடு எழும்பி அதைத் தொடும்.

தடையி ஆறவும் சூடேறவும் நேரம் எடுப்பதால் திடீர் வீச்சு இதில் தெரியாது, ஒரு நிமிடச் சராசரிதான் தெரியும். செக்கனுக்கு அரை மீற்றருக்குக் குறைந்த காற்றையும் நம்ப வேண்டாம். வேப்பிலையும் சிறு கொப்புகளும் விடாமல் ஆடினால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீற்றர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 'க'வை மறுபடி எடுங்கள். இப்போது மாமா மண்ணைத் தூவியதும் என்னைப் பார்த்து, "எவ்வளவு காட்டுது?" என்று கேட்கிறார்.