பழைய பள்ளிக்கூடத்தைத் தங்குமிடமாக்கும்போது

முதலில் சுவரைப் பாருங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்குச் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, ஓரிரு மழைக்காலத்தில் பூச்சு உதிரும். சுண்ணாம்புப் பூச்சே பூசுங்கள்: ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் அத்தனை உழைப்பும் வீண்.

உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மரம் முதலில் உளுப்பது அங்கேதான்.

வகுப்பறையைத் தடுக்கும்போது தடுப்புச் சுவர் ஜன்னலின் நடுவில் முட்டக்கூடாது. கூரைவரை எழுப்பாவிட்டால் பக்கத்து அறைக் குறட்டை கேட்கும்.

கழிப்பறைகளை வெளிச்சுவர் ஓரமாக, மாடியிலும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். கழிவுக் குழாய்க்கு மீட்டருக்கு 25 மி.மீ. சரிவு தேவை, நான்கு மீட்டர் ஓடினால் தரையையே 100 மி.மீ. உயர்த்த வேண்டிவரும்.

கரும்பலகையை மட்டும் கழற்றாதீர்கள்.