ஜெர்மன் சொற்களை ஆன்கியில் ஏற்றி, நழுவாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ஜெர்மன் மொழியின் முதல் படியான ஏ1 தேர்வுக்கு முந்தைய வாரம் என் நோட்டில் 600 ஜெர்மன் சொற்கள் இருந்தன. தலையில் எத்தனை இருந்தன என்பதுதான் தெரியவில்லை. கரண்டிக்கு லோஃபெல் என்று ஞாபகம் வரும். அதற்கு முன்னால் டேர் போடுவதா, டீ போடுவதா, தாஸ் போடுவதா என்று கேட்டால் முழிப்பேன். ஜெர்மன்காரர்களுக்குக் கரண்டி ஆண் (டேர்), முள்கரண்டி பெண் (டீ), கத்தி இரண்டும் இல்லை (தாஸ்). மூன்றையும் அஃறிணையில் தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கிற மொழியில் பிறந்தவளுக்கு இது கொஞ்சம் அநியாயம்தான்.

எப்படியோ தேறிவிட்டேன். கணவர் ஸ்டுட்கார்ட்டில் இருப்பதால் விசாவுக்கு ஏ1 போதுமானதாக இருந்தது. இப்போது இரண்டு படி மேலே, பி1 படிக்கிறேன். தேர்வு நடத்துகிற கோத்தே இன்ஸ்டிடியூட்டின் பட்டியலில் ஏ1-க்கு ஏறத்தாழ 650 சொற்கள், பி1-க்கு 2400 அளவில். இதற்கு நோட்டு தாங்காது என்று ஆன்கிக்கு மாறினேன். (அங்கி என்று எழுதினால் சட்டையாகிவிடும். ஜப்பானிய மொழியில் ஆன்கி என்றால் மனப்பாடம். டேமியன் எல்ம்ஸ் ஜப்பானிய மொழி படிப்பதற்காக 2006-இல் எழுதிய மென்பொருள் இது.) ஒவ்வொரு சொல்லையும் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில் என்று ஒரு கார்டாகப் போட்டுவைத்தால், அது மறந்துபோகும் சமயம் பார்த்து, அதற்குச் சற்று முன்னால் மறுபடி கேட்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

நிறுவுதல்

கணினியில் ஆன்கி இலவசம். ஆண்ட்ராய்டில் ஆன்கிட்ராய்ட், அதுவும் இலவசம். ஐஃபோனில் ஆன்கிமொபைல், அதற்குக் காசு. ஆன்கி என்று பெயர் வைத்துக்கொண்டு வேறு செயலிகளும் கடையில் இருக்கும், பெயரைச் சரியாகப் பார்த்து எடுங்கள். ஆன்கிவெப் தளத்தில் ஒரு கணக்குத் திறந்தால் கணினியும் ஃபோனும் ஒன்றோடொன்று சிங்க் ஆகும். பிரௌசரிலேயே படிக்கவும் செய்யலாம். ஆனால் அமைப்புகளை மாற்றுவதை எல்லாம் கணினியில் வைத்துக்கொள்வதே நல்லது.

முதல் தடவை சிங்க் செய்யும்போது மட்டும் நிதானம் வேண்டும். கணினியிலும் ஆன்கிவெப்பிலும் வேறு வேறு கார்டுகள் இருந்தால், அப்லோடா டவுன்லோடா என்று கேட்கும். இரண்டையும் சேர்த்துத் தராது. ஒன்று மற்றொன்றை அழித்துவிடும். நான் லேப்டாப்பில் 140 கார்டு செய்து வைத்துவிட்டு, ஃபோனிலிருந்து ஏறியிருந்த மூன்று சோதனைக் கார்டுகளுக்காக டவுன்லோடை அமுக்கினேன். நல்லவேளை, கணினியில் ஆன்கி தானாகவே பேக்கப் எடுத்து வைக்கிறது. ஃபைல் மெனுவில் ஸ்விட்ச் ப்ரொஃபைல் போய், ஓப்பன் பேக்கப் கொடுத்து மீட்டேன்.

கார்டு செய்தல்

ரெடிமேட் டெக்குகள் (கார்டுக் கட்டுகள்) ஏராளமாகக் கிடைக்கும். நான் எடுப்பதில்லை. பாடத்திலோ ரயிலிலோ மருந்துக்கடையிலோ நானே முட்டிக்கொண்ட சொல் மட்டும்தான் என் டெக்கில் ஏறும். கார்டு செய்கிற நேரமும் படிக்கிற நேரம்தான்.

நோட் (ஒரு சொல்லுக்கான பதிவு) வகையில் 'பேசிக் அண்ட் ரிவர்ஸ்டு கார்டு' எடுங்கள். ஒரு தடவை எழுதினால் தமிழிலிருந்து ஜெர்மனுக்கு ஒன்று, ஜெர்மனிலிருந்து தமிழுக்கு ஒன்று என்று இரண்டு கார்டு வரும். பெயர்ச்சொல்லை ஒருபோதும் மொட்டையாக எழுதாதீர்கள். 'லோஃபெல்' அல்ல, 'டேர் லோஃபெல்'. நான் டேர் நீலம், டீ சிவப்பு, தாஸ் பச்சை என்று எழுத்துக்கு நிறமும் கொடுக்கிறேன். அர்த்தத்தைத் தமிழில் எழுதுவதும் முக்கியம். ஆங்கிலத்தை நடுவில் விட்டால் ஏமாற்றும்: ஜெர்மனில் கிஃப்ட் என்றால் பரிசு அல்ல, விஷம்.

ஒரு நாளைக்கு எத்தனை?

டெக் ஆப்ஷன்ஸில் புதிய கார்டு நாளுக்கு 20 என்று இருக்கும். அதை 8 ஆக்குங்கள். 20 குறைவாகத் தோன்றும். ஆனால் இன்று பார்த்தது நாளைக்கும், நாலு நாள் கழித்தும், பத்து நாள் கழித்தும் திரும்பி வரும். சில வாரங்களில் தினமும் 200 கார்டு வரிசையில் நிற்கும். நான் மூன்றாம் வாரத்தில் ஆன்கியைத் திறக்கவே பயந்தேன்.

அதே பக்கத்தில் எஃப்எஸ்ஆர்எஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். எந்தக் கார்டு எப்போது திரும்பி வர வேண்டும் என்று கணக்குப் போடும் புதிய முறை அது. போட்டுவிடுங்கள். பழைய கணக்கு முறையின் வேர் 1980-களைச் சேர்ந்தது. இது 2023-இல் ஆன்கிக்குள் வந்தது, உங்கள் மறதியைப் பார்த்து இடைவெளியைப் போடும். ஞாபக இலக்கு 90 சதவீதம் என்று இருக்கும், அப்படியே இருக்கட்டும். உங்கள் பதில்களை வைத்துக் கணக்கைத் திருத்திக்கொள்ள ஆப்டிமைஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும், மாதம் ஒருமுறை அமுக்கினால் போதும்.

நான்கு பொத்தான்கள்

இங்கேதான் நான் இரண்டு மாதத்தை வீணாக்கினேன்.

கார்டைத் திருப்பியதும் நான்கு பொத்தான்கள் வரும்: அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி. ஒரு நாள் 'பில்' என்று கேட்டது. எனக்கு வரவில்லை. திருப்பினால் டீ ரெஷ்னுங். 'அட, தெரிந்ததுதானே!' என்று தோன்றியது. அகெய்ன் அமுக்க மனம் வரவில்லை, ஏதோ ஃபெயில் ஆன மாதிரி. 'கஷ்டமாக இருந்தது' என்பது உண்மைதானே என்று ஹார்டை அமுக்கினேன். இப்படியே தினமும் பத்துப் பதினைந்து கார்டு.

ஆன்கியின் கணக்கில் ஹார்ட் என்றால் 'சிரமப்பட்டேன், ஆனால் வந்துவிட்டது' என்று அர்த்தம். அது பாஸ் மார்க். நான் மறந்த சொல்லை எல்லாம் அது 'இவளுக்குத் தெரியும்' என்று குறித்துக்கொண்டு, அடுத்த முறை இன்னும் தள்ளிப் போட்டது. பொத்தான்களுக்கு மேலேயே எத்தனை நாள் என்று எழுதியிருக்கும், நான் கவனிக்கவில்லை. இதைவிட மோசம், எஃப்எஸ்ஆர்எஸ் இந்தப் பொய்யை வைத்தே கற்றுக்கொள்வதால், ஒழுங்காகத் தெரிந்த சொற்களின் இடைவெளியும் சேர்ந்து கெட்டது.

ஆகவே, திருப்புவதற்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லுங்கள். வந்ததா? குட். வரவில்லையா? அகெய்ன். சொல் வந்து, டேர், டீ, தாஸ் தப்பினாலும் அகெய்ன்தான். ஹார்டையும் ஈஸியையும் முதல் மூன்று மாதம் மறந்துவிடுங்கள். ஏற்கெனவே என்னைப் போல் அமுக்கித் தொலைத்தவர்கள், டெக் ஆப்ஷன்ஸில் 'இந்தத் தேதிக்கு முன் பார்த்த கார்டுகளை விட்டுவிடு' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் திருந்திய தேதியைப் போட்டு, அதற்குப் பிறகு சில வாரப் பதில்கள் சேர்ந்ததும் ஆப்டிமைஸ் செய்யுங்கள். எனக்கு அதற்கு அப்புறம்தான் சரியானது.

கணக்குப் பார்த்தல்

ஸ்டாட்ஸ் பக்கத்தில் படம் படமாக வரும். நான் பார்ப்பது இரண்டே இரண்டு. ஒன்று, மெச்சூர் எண்ணிக்கை: அடுத்த சந்திப்புக்கு 21 நாளோ அதற்கு மேலோ இடைவெளி விழுந்த கார்டுகள். 'எனக்கு இத்தனை சொல் தெரியும்' என்று சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன், அதுவும் இரண்டால் வகுத்து. மற்றொன்று ட்ரூ ரிடென்ஷன்: கேட்டபோது உண்மையில் ஞாபகம் வந்தவற்றின் சதவீதம். இலக்கு 90 என்று வைத்துவிட்டு இங்கே 75 வந்தால், அவசரத்தில் கார்டு செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

எட்டு முறை மறந்த சொல்லுக்கு ஆன்கி 'லீச்' என்று பட்டம் கட்டிவிடும், அமைப்பைப் பொறுத்து நிறுத்தியும் வைக்கும். கார்டும் அட்டை, லீச்சும் அட்டை. தமிழில் அந்த வித்தியாசம்கூட இல்லை. என் அட்டைகள் மூன்றும் ஒரே குடும்பம்: உம்ஷ்டைகன் (வண்டி மாறுவது), உம்ட்ஸீயன் (வீடு மாறுவது), உம்டவுஷன் (வாங்கியதைக் கொடுத்து மாற்றுவது). திரும்பத் திரும்ப மனப்பாடம் செய்து பயனில்லை. கார்டையே மாற்ற வேண்டும். முதலாவதில் 'மன்ஹைமில் வண்டி மாற வேண்டும்' என்று வாக்கியமாகவே போட்டேன். மன்ஹைம் இவர்களுடைய ஜோலார்பேட்டை மாதிரி. அந்த ஸ்டேஷன் படத்தையும் ஒட்டினேன். அப்புறம் அது மறக்கவில்லை. உம்டவுஷன் இன்னும் படுத்துகிறது.

பின்சேர்க்கை

இதை எழுதியபின் இரண்டு பேர் ஒரே கேள்வி கேட்டார்கள்: தமிழ் கேள்வி வந்த அதே நாளில் அதன் ஜெர்மன் கார்டும் வருகிறது, பதில் முன்பே தெரிந்துவிடுகிறதே? டெக் ஆப்ஷன்ஸில் 'பரி' என்ற பகுதியில் சிப்ளிங் (ஒரே சொல்லின் ஜோடிக் கார்டு) சுவிட்சுகள் இருக்கும். எல்லாவற்றையும் போடுங்கள், ஜோடி மறுநாளுக்குப் போய்விடும். எனக்கு இது எப்போதோ போட்டது என்பதால் எழுத மறந்துவிட்டேன்.

இன்னொருவர் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் 600 கார்டு நிற்கிறது என்கிறார். எனக்கும் பொங்கலுக்குப் போய் வந்தபோது இதே கதைதான். புதிய கார்டை 0 ஆக்கிவிட்டு, மறுபார்வை உச்சவரம்பை 100 என்று வைத்து, காலையில் டிராமில் 50, இரவு பாத்திரம் கழுவியபின் 50 என்று தள்ளினேன். ஒன்பதாவது நாள் வரிசை தீர்ந்தது. உச்சவரம்பைத் திரும்ப ஏற்ற மட்டும் மறந்துவிட்டேன். அதைக் கண்டுபிடிக்க இன்னொரு வாரம்.